தளிருக்கு ஒரு போர்வை

(ஆலய ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற நன்கொடையாளர் பாராட்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒவ்வோர் ஆண்டும் இந்தக் கூட்டத்தில் செயற்குழுவின் சார்பில் யாராவது ஒருவர் பேசுவது வழக்கம். இவ்வாண்டு அந்தப் பொறுப்பை எனக்குத் தந்தார்கள். என்ன தலைப்பு என்று தலைவர் கேட்டபோது, "தொட்டியில் வைத்த மரங்களை உறைபனியிலிருந்து காப்பது எப்படி" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "வாத்தியாரே, காஹாங்கில் ஏது உறைபனி?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில், செம்பனைக்கும் கித்தாவுக்கும் நடுவில் இருக்கிறது நம் ஊர். நமக்குத் தெரிந்ததெல்லாம் வெயிலும் மழையும்தான். கேமரன் மலையில்கூட உறைபனி கிடையாது. அங்கே 1978ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் பதிவான 7.8 பாகைதான் நம் நாட்டிலேயே ஆகக் குறைந்த குளிர் என்பார்கள். நீர் உறைவதற்கு அதுவும் போதாது.

இருந்தாலும் இதைப் பேச எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. இங்கே இருக்கும் பலருடைய பிள்ளைகள் இன்று குளிர் நாடுகளில் குடும்பம் நடத்துகிறார்கள். நாமும் பேரப் பிள்ளைகளைப் பார்க்கப் போய் வருகிறோம். அங்கே போனவன் செய்த ஒரு தவற்றை மற்றவர்கள் செய்யாதிருக்க வேண்டும் என்பது முதல் காரணம். இரண்டாவது காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

என் மகள் ஆஸ்திரேலியாவின் தலைநகரான கான்பெராவில் தாதியாக வேலை செய்கிறாள். சில ஆண்டுகளுக்கு முன் செப்டம்பர் மாதக் கடைசியில் நானும் என் மனைவியும் அங்கே போயிருந்தோம். பேரன் பிறந்த வாரத்தில் மருமகன் ஒரு சிறிய ஜப்பானிய மேப்பிள் மரத்தை வாங்கித் தொட்டியில் வைத்திருந்தார். பேரனுக்கு எத்தனை வயதோ, மரத்துக்கும் இந்த வீட்டில் அத்தனை வயது. ஒவ்வொரு பிறந்த நாளிலும் பிள்ளையை அதன் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுப்பார்கள். அதற்குப் பக்கத்தில் இன்னொரு தொட்டியில், என் மனைவி முந்தைய பயணத்தின்போது ஆசையாக வாங்கி வைத்த எலுமிச்சை நின்றது.

நாங்கள் போன சமயம் அங்கே வசந்தகாலம். 1988 முதல் கான்பெராவில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஃபுளோரியாட் என்ற பெரிய மலர்விழா நடக்கிறது. மகள் எங்களை அழைத்துப் போனாள். எங்கு பார்த்தாலும் பூ. பகலில் இருபது பாகைக்கு மேல் இதமான வெயில். வீட்டு மேப்பிளும் மொட்டு விரித்து, சிவந்த தளிர்களை விட்டிருந்தது. குழந்தையின் உள்ளங்கை போன்ற இலைகள்.

ஆனால் மருமகன் அந்தத் தொட்டிகளைப் பின்கட்டுக் கூரையின் கீழ் சுவரோரமாகவே வைத்திருந்தார். மாலையானதும் பழைய படுக்கை விரிப்புகளை எடுத்து அவற்றை மூடுவார், காலையில் எடுத்து மடித்து வைப்பார். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. "குளிர்தான் போய்விட்டதே, இனி எதற்கு இது?" என்று கேட்டேன். அவர் மரியாதைக்காரர். "இன்னும் கொஞ்ச நாள் மாமா" என்று மட்டும் சொன்னார்.

ஒரு நாள் அவர் வேலையாக வெளியூர் போனார். மகளுக்கு இரவு வேலை. நான் பகலில் அந்த இரண்டு தொட்டிகளையும் நகர்த்திப் புல்வெளி நடுவில் வெயில் படும்படி வைத்தேன். விரிப்புகளைத் துவைக்கப் போட்டேன். இரவு ஒன்பது மணிக்கு மகள் தொலைபேசியில், "அப்பா, செடிகளை மூடிட்டீங்களா?" என்று கேட்டாள். "நான் பார்த்துக்கிறேன் அம்மா" என்றேன். பார்க்கவில்லை. முப்பது வருடம் ஆசிரியராக இருந்தவனுக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை என்ற எண்ணம் எனக்கு.

அன்றிரவு காற்றே இல்லை. வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. எத்தனை நட்சத்திரம் என்று மனைவியிடம் காட்டி ரசித்துவிட்டுப் படுத்தேன். காலையில் எழுந்து பார்த்தால் புல்வெளி முழுவதும் உப்புத் தூவியதுபோல் வெள்ளை. தளிர்கள் கண்ணாடிபோல் விறைத்து நின்றன. வெயில் ஏற ஏற அவை தளர்ந்து, மதியத்துக்குள் வேகவைத்த கீரைபோல் கறுத்துத் தொங்கின. எலுமிச்சையின் கொழுந்துகளும் அப்படியே. மகள் வேலை முடிந்து வந்து பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. பேரன்தான் கேட்டான், "தாத்தா, என் மரம் செத்துப்போச்சா?" என்று. அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை.

பக்கத்து வீட்டில் ஓர் ஆஸ்திரேலியப் பெரியவர், தோட்டப் பழக்கம் உள்ளவர். நான் கத்தரியோடு நிற்பதைப் பார்த்து வேலிக்கு அப்பாலிருந்து தடுத்தார். அவர் சொல்லிக் கொடுத்ததையும், பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டதையும் இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

உறைபனி வானத்திலிருந்து விழுவதில்லை. பகலில் வெயிலை வாங்கிய நிலம் இரவில் அந்த வெப்பத்தை வானத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறது. மேகம் இருந்தால் அது ஒரு கூரைபோல் வெப்பத்தின் ஒரு பகுதியைத் திரும்ப அனுப்பும். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் வெப்பம் தடையின்றிப் போய்விடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது, ஆகவே தரையோடு தங்கிவிடுகிறது. வானிலை நிலையத்தார் ஆள் மார்பளவு உயரத்தில் வெப்பத்தை அளக்கிறார்கள். அங்கே இரண்டு மூன்று பாகை இருக்கும்போதே புல் மட்டத்தில் நீர் உறைந்துவிடலாம். "இன்று இரண்டு பாகைதான், உறையாது" என்று நம்பி ஏமாறுவது இதனால்தான்.

செடிக்கு என்ன ஆகிறது? பனிக்கட்டி பெரும்பாலும் முதலில் இலையின் உயிரணுக்களுக்கு வெளியே உருவாகிறது. அது உள்ளேயுள்ள நீரை வெளியே இழுக்கிறது. அணு வற்றி அதன் சவ்வு சிதைகிறது. கரைந்ததும் இலை துவண்டுவிடுகிறது.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதே மேப்பிள் மரம் ஜூன், ஜூலை மாதக் கடுங்குளிரில் இலையுதிர்ந்து மொட்டையாக நின்றபோது அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அப்போது அது தூக்கத்தில் இருந்தது. இலையுதிர் காலத்திலேயே மெல்ல மெல்லத் தன்னைக் குளிருக்குப் பழக்கிக்கொண்டிருந்தது. வசந்தத்தின் சூட்டை நம்பித் தளிர்விட்ட மறுகணமே அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. கடுங்குளிரைத் தாங்கிய மரம், பூச்சியத்துக்குக் கீழே ஒன்றிரண்டு பாகையில் தன் தளிரை இழக்கிறது. ஆகவே மரத்துக்கு ஆபத்தான காலம், குளிர் போய்விட்டது என்று எல்லாரும் நினைக்கும் அந்தச் சில வாரங்கள்தான்.

இது என் ஒருவனுடைய அறியாமை மட்டுமல்ல. 2021ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் மார்ச் மாதக் கடைசியில் வழக்கத்துக்கு மாறான வெயில் அடித்தது. திராட்சைக் கொடிகள் முன்னதாகவே துளிர்த்தன. ஏப்ரல் தொடக்கத்தில் உறைபனி இறங்கியது. விவசாயிகள் இரவெல்லாம் தோட்டம் நெடுக மெழுகு விளக்குகளை ஏற்றி வைத்துக் காவல் காத்தும் பெருத்த நட்டம் ஏற்பட்டது. சில பழத் தோட்டங்களில் இரவு முழுதும் நீரைத் தெளிப்பார்கள். நீர் உறையும்போது சிறிது வெப்பத்தை வெளிவிடும், அதில் மொட்டு பிழைக்கும். ஆனால் தெளிப்பதை நடுவில் நிறுத்தினால் முன்னைவிட மோசமாகிவிடும். கான்பெராவிலும் பழகிய தோட்டக்காரர்கள், நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை நடக்கும் மெல்பர்ன் குதிரைப் பந்தயம் முடியும்வரை தக்காளி நாற்றை வெளியில் நடுவதில்லை. இது எதுவும் தெரியாமல் அக்டோபர் மாதத்தில் நான் விரிப்பைத் துவைக்கப் போட்டேன்.

இனி, காக்கும் முறை. தாய்மார்கள் பிள்ளைகளிடம் சொல்ல உதவும்.

முதலாவது, தொட்டி மரத்துக்கு வேரிலும் ஆபத்து உண்டு. நிலத்தில் நிற்கும் மரத்தின் வேரைப் பூமித்தாய் போர்த்திக் காக்கிறாள். தொட்டியில் ஒரு விரல்கடை ஓடுதான் நடுவில் இருக்கிறது. அதனால் தொட்டியைச் சுற்றிக் கோணிச் சாக்கைக் கட்டலாம், பல தொட்டிகளை நெருக்கி வைக்கலாம். அதே சமயம் தொட்டிக்கு ஒரு வசதியும் உண்டு: தூக்கி நகர்த்தலாம். பகல் வெயிலை வாங்கிய செங்கல் சுவரின் ஓரத்தில், கூரையின் கீழ் வைத்தால் சுவர் இரவில் அந்தச் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். திறந்த புல்வெளியும் பள்ளமான இடமும் ஆகாது.

இரண்டாவது, போர்வை. போர்வை சூட்டை உண்டாக்குவதில்லை, நிலத்திலிருந்து எழும் சூட்டைப் பிடித்து வைக்கிறது. ஆகவே அது தரைவரை தொங்க வேண்டும். மரத்தின் தலையை மட்டும் மூடி அடியில் இறுக்கிக் கட்டினால், நிலத்தின் சூடு உள்ளே வராது. பழைய படுக்கை விரிப்பு, சாரோங், சாக்கு எதுவும் போதும். பிளாஸ்டிக் தாளாக இருந்தால் இலையைத் தொடக் கூடாது, தொட்ட இடம் கருகும். நான்கு குச்சிகளை நட்டு அதன்மேல் போட வேண்டும். சூரியன் மறையும் முன்பே மூடி, காலையில் பனி கரைந்த பிறகு எடுத்துவிட வேண்டும்.

மூன்றாவது, நீர். மண் காய்ந்திருந்தால் பகலிலேயே நீர் ஊற்றி வைக்க வேண்டும். ஈரமண் காய்ந்த மண்ணைவிட அதிகச் சூட்டைச் சேர்த்து வைக்கும்.

நான்காவது, மீறிக் கருகிவிட்டால் அவசரப்பட்டு வெட்டக் கூடாது, உரமும் போடக் கூடாது. கருகிய இலைகளே அடுத்த பனிக்குக் கொஞ்சம் மறைப்பாக இருக்கும். கிளையின் தோலை நகத்தால் இலேசாகக் கீறிப் பார்த்தால் உள்ளே பச்சை இருக்கிறதா என்று தெரியும். பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. பனிக்காலம் நிச்சயமாக முடிந்த பிறகு, எதுவரை துளிர்க்கிறது என்று பார்த்து வெட்டினால் போதும்.

நான் பேரனை அழைத்துவந்து அந்த மேப்பிளின் கிளையைக் கீறிக் காட்டினேன். உள்ளே பச்சை. "உன் மரம் சாகவில்லை ஐயா, தாத்தாவால் அதற்குக் காயம் பட்டுவிட்டது" என்றேன். நாங்கள் ஊர் திரும்பிய பிறகு, மகள் ஒரு படம் அனுப்பினாள். மரம் மறுபடியும் இலைவிட்டிருந்தது. முன்பிருந்ததைவிடச் சிறிய இலைகள், எண்ணிக்கையும் குறைவு. மரம் தன் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவு செய்திருக்கிறது. அந்த ஆண்டு அது உயரவில்லை. எலுமிச்சை ஒரு கிளையை இழந்தது.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு சனவரி மாதம், பழனிக்குப் போய்விட்டு, உதகமண்டலத்துக்கும் சென்றோம். அது கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம்மவர்கள் உறைபனியோடு குடித்தனம் நடத்தும் ஊர் அது. நவம்பர் வாக்கில் முதலில் நீர்ப்பனி வரும், பிறகு உறைபனி. தலைக்குந்தா, காந்தல் போன்ற பகுதிகளில் புல்வெளி வெளுத்துக் கிடக்கும், தேயிலைக் கொழுந்தும் கருகும். மழை நீண்டு வடகிழக்குப் பருவம் தாமதமாக முடிந்தால் பனியும் தாமதமாக வரும். தேநீர்க் கடையில் ஒருவர், "மேகம் போட்டா பயமில்லைங்க ஐயா, நட்சத்திரம் பளிச்சுன்னு தெரிஞ்சாத்தான் பயம்" என்றார். நான் கான்பெராவில் நட்சத்திரத்தை ரசித்த இரவு என் நினைவுக்கு வந்தது.

அங்கே 1848இல் தொடங்கப்பட்ட அரசு தாவரவியல் பூங்கா இருக்கிறது. மெக்ஐவர் என்ற தோட்டக்கலை வல்லுநர் தொட்டபெட்டாச் சரிவில் அதை அமைத்தார். மே மாத மலர்க்காட்சிக்காக ஆயிரக்கணக்கான தொட்டிகளை மாதக் கணக்கில் தயார் செய்வார்கள். பனிக்காலத்தில் அந்த இளஞ்செடிகளை மூட அவர்கள் பெரிதும் பயன்படுத்துவது கோத்தகிரிப் பக்கத்திலிருந்து வெட்டிக் கொண்டுவரும் மிலார் என்ற புதர்ச்செடி. காய்ந்த மிலார்க் கொத்துகளைச் செடிகளின்மேல் சாய்த்து ஒரு பந்தல்போல் வைத்துவிடுகிறார்கள். வெளிச்சமும் காற்றும் உள்ளே போகும், பனி நேராகப் படாது. விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லை. அந்த மலையில் முளைத்ததே அந்த மலையின் செடிக்குக் கூரையாகிறது. பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றேன்.

அன்பர்களே, இனி இரண்டாவது காரணத்துக்கு வருகிறேன்.

செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். நாற்றுமேடையில் பைக் கன்றுகளை முதல் மூன்று மாதம் நிழலில் வைப்பீர்கள். பிறகு நிழலை ஒரே நாளில் எடுத்துவிடுவீர்களா? மாட்டீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, வெயிலுக்குப் பழக்கித்தான் பெரிய நாற்றுமேடைக்குக் கொண்டு போவீர்கள். கான்பெராவில் அந்தப் பெரியவர் சொன்னதும், உதகையில் நான் கண்டதும், நம் தோட்டத்துக் கங்காணிக்குத் தெரிந்ததும் ஒன்றுதான்: போர்வையைப் போடுவதைவிட எடுப்பதில்தான் அறிவு வேண்டும்.

நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வகுப்பை எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு பையன் என்னிடம் படித்தான். அப்பா இல்லை. அம்மா தோட்டத்தில் வேலை. இரவு வகுப்பு வைத்தோம், புத்தகம் கொடுத்தோம், சோறு போட்டோம். ஆறாம் ஆண்டுச் சோதனையில் நல்ல தேர்ச்சி பெற்றான். இதே மேடையில் அவனுக்கு மாலை போட்டுப் பரிசும் கொடுத்தோம். எல்லாரும் கைதட்டினார்கள். நம் வேலை முடிந்தது என்று நானும் நினைத்தேன்.

அவன் இடைநிலைப்பள்ளிக்குப் போனான். புதிய மொழிச் சூழல், பெரிய பள்ளி, தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. பேருந்துக் கட்டணத்துக்கு அம்மாவிடம் பல நாள் காசு இல்லை. கேட்க வெட்கம். ஆண்டு நடுவில் ஒரு நாள் அவனை லோரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருக்கக் கண்டேன். "ஏன் ஐயா?" என்றேன். "நீங்க எல்லாம் அப்புறம் வரவே இல்லையே சார்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான். அவன் பெயரை நான் இங்கே சொல்லப் போவதில்லை. உழைத்து முன்னேறி, பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார். இரண்டாம் முறை துளிர்த்த மரம் அவர். ஆனால் முதல் தளிர் கருகியது. அவர் எவ்வளவு உயர்ந்திருப்பார் என்பது யாருக்கும் தெரியாது.

கான்பெராவில் கறுத்துப்போன அந்த இலைகளைப் பார்த்தபோதுதான் அந்தப் பையனின் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது. கடுங்குளிரில் கூடவே இருந்தோம். தளிர்விட்ட மறுநாள் போர்வையை மடித்து வைத்துவிட்டோம்.

நம் அறவாரியத்தின் கல்வி நிதி இன்றும் ஆறாம் ஆண்டோடு நின்றுவிடுகிறது. பரிசு கொடுக்கிறோம், படம் பிடிக்கிறோம், அனுப்பி வைக்கிறோம். இதை மாற்ற வேண்டும் என்று செயற்குழுவிடம் ஒரு விண்ணப்பம் வைத்திருக்கிறேன். இன்று உங்கள் முன்னிலையிலும் வைக்கிறேன். நிதியில் பாதியை இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டுக்கென ஒதுக்க வேண்டும். பேருந்துக் கட்டணம், சீருடை, மலாய் மொழிக்குக் கூடுதல் வகுப்பு ஆகியவற்றுக்கு அது போகட்டும். பணத்தைவிட முக்கியமாக, ஒவ்வொரு பிள்ளைக்கும் நம்மில் ஒருவர் பொறுப்பேற்று, மாதம் ஒருமுறை வீட்டுக்குப் போய் "எப்படி ஐயா இருக்கிறாய்?" என்று கேட்டு வர வேண்டும். மிலார்க் கொத்துக்குப் பெரிய செலவில்லை. அதை நேரத்துக்குக் கொண்டுவந்து வைக்க ஆள்தான் வேண்டும். இரண்டு பிள்ளைகளின் பொறுப்பை நானே ஏற்கிறேன். மற்றவர்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.

போகிறபோது நம் ஆலய வாசலில் தொட்டியில் நிற்கும் நந்தியாவட்டைகளையும் ஒரு பார்வை பாருங்கள். நன்கொடையாக வந்த செடிகள் அவை. பிப்ரவரி, மார்ச் வறட்சியில் அவற்றுக்கு நீர் ஊற்றவும் ஒரு பெயர்ப்பட்டியல் செயலாளரிடம் இருக்கிறது. கொடுப்பது ஒரு நாள் வேலை, காப்பது பல நாள் வேலை. இரண்டும் சேர்ந்தால்தான் தர்மம் நிறைவு பெறும்.

பேரனின் மேப்பிள் இப்போது என் தோள் உயரம் இருக்கிறது. ஒவ்வோர் அக்டோபரிலும் பேரன் என்னை அழைத்து, "தாத்தா, நான் மூடிட்டேன்" என்று சொல்வான். அந்த ஒரு வார்த்தையை இந்த ஆண்டு இறுதிக்குள் நம் ஊர்ப் பிள்ளைகளைப் பற்றி நாமும் சொல்லும்படி இறைவன் அருள் புரியட்டும் என்று வேண்டி விடைபெறுகிறேன்.